கப்பல் வராவிட்டால் யாருக்கு நட்டம்?



2022 ஜூலையில் பாகிஸ்தானின் அரசு நிறுவனம் ஒன்று, பத்துக் கப்பல் திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) வேண்டுமென்று உலகச் சந்தையில் டெண்டர் விட்டது. மதிப்பு ஏறக்குறைய 100 கோடி டாலர். கெடு முடிந்து பார்த்தால் ஒரு விலைப்புள்ளிகூட வந்திருக்கவில்லை. விலை கட்டுப்படியாகாமல் வாங்குபவர் பின்வாங்குவது சந்தையில் வழக்கம்தான். இங்கே விற்பதற்கே ஆள் வரவில்லை. அக்டோபரில் மறுபடி முயன்றார்கள். மாதம் ஒரு கப்பல் வீதம் ஆறு ஆண்டுகளுக்கு 72 கப்பல்கள் கேட்டார்கள். அதற்கும் யாரும் வரவில்லை. அதே ஜூலையில் வங்கதேசம், அன்றன்றைய விலைக்கு விற்கும் ஸ்பாட் சந்தையில் வாங்குவதை நிறுத்திவிட்டு, எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு மின்வெட்டு என்று அட்டவணை போட்டது. உலகில் எரிவாயு தீர்ந்துபோன நாட்கள் அல்ல அவை. ஐரோப்பாவின் எல்.என்.ஜி. இறக்குமதி அந்த ஆண்டில் மட்டும் 60 சதவீதத்துக்கு மேல் கூடியது. பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் வந்திருக்க வேண்டிய கப்பல்கள் வேறு துறைமுகங்களில் நின்றன.

இந்த நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. உக்ரைன் போரின் விளைவு என்பது ஒன்று. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பழைய கதை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் நம்மைக் கையைக் கட்டி உட்கார வைத்துவிடும். போரை நாம் நிறுத்த முடியாது. ஒரே நாளில் பணக்காரர்களாகவும் முடியாது. நம் கையில் இருக்கும் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். எரிவாயு வாங்கும் நாட்டுக்குப் பாதுகாப்பு தருவது மலிவான விலையும் அல்ல, விற்பவருடைய நட்பும் அல்ல. விற்பவர் சொன்ன சொல்லை மீறினால் அவருக்கு எவ்வளவு நட்டம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, அந்த நட்டத்தை அவரிடமிருந்து வசூலிக்க நமக்கு வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்தப் பாதுகாப்பு அமையும். தெற்காசிய நாடுகள் விலையைப் பேசிய அளவுக்கு இதைப் பேசவில்லை என்பது என் வாதம்.

பொருளின் இயல்பிலிருந்து தொடங்குவோம். கச்சா எண்ணெய் மூட்டை கட்டிய நெல்லைப் போன்றது. இந்தச் சந்தையில் விலை படியவில்லை என்றால் அடுத்த சந்தைக்கு வண்டி கட்டலாம். குழாய்வழி எரிவாயு வாய்க்கால் தண்ணீரைப் போன்றது. வெட்டிய வழியில்தான் போகும். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒருவரை ஒருவர் விட்டு விலக முடியாது. முதல் கன மீட்டர் பாய்வதற்கு முன்பே பல்லாயிரம் கோடி மண்ணுக்குள் போய்விடுவதால், இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வாங்குகிறேன் என்ற எழுத்து இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. 1959-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில் மாபெரும் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1962-இல் அந்நாட்டின் பொருளாதார அமைச்சர் டே பௌஸ் நாடாளுமன்றத்தில் வைத்த கொள்கைக் குறிப்பு, அதற்கு எப்படி விலை வைப்பது என்ற கேள்விக்கு விடை சொன்னது. தோண்டும் செலவை வைத்து விலை போட வேண்டாம். எரிவாயு இல்லாவிட்டால் வாடிக்கையாளர் எந்த எண்ணெயை எரிப்பாரோ, அந்த எண்ணெயின் விலையை ஒட்டிப் போடலாம் என்றது. இதோடு இன்னொரு விதியும் வழக்கத்துக்கு வந்தது. குறிப்பிட்ட அளவை வாங்குபவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும். டேக் ஆர் பே என்று தொழிலில் சொல்வது இதைத்தான். விலை ஏறி இறங்கும் ஆபத்தை விற்பவரும், தேவை குறையும் ஆபத்தை வாங்குபவரும் சுமந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு ஐரோப்பாவின் எரிவாயு வணிகம் இந்த அச்சில்தான் ஓடியது.

பனிப்போர்க் காலத்திலும் இது தாங்கியது. 1968-இல் சோவியத் எரிவாயு ஆஸ்திரியாவுக்கு வரத் தொடங்கியது. 1970-இல் மேற்கு ஜெர்மனியோடு ஒப்பந்தம்: ஜெர்மன் ஆலைகள் குழாய் தரும், ஜெர்மன் வங்கிகள் கடன் தரும், சைபீரியா எரிவாயுவாகத் திருப்பித் தரும். 1973-இல் எரிவாயு பாய்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் சைபீரியாவின் யுரெங்கோய் வயலிலிருந்து புதிய குழாய் போட முனைந்தபோது அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு தடை விதித்தது. அமெரிக்காவின் நெருங்கிய தோழியான பிரிட்டன் பிரதமர் தாட்சரே அந்தத் தடையை எதிர்த்தார். 1982 நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆப்கானிஸ்தான் போரிலும் போலந்து நெருக்கடியிலும் அந்தக் குழாய்களை யாரும் அரசியலுக்காக அடைக்கவில்லை. ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை அதற்குக் காரணம் அல்ல. அடைத்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு அடி விழும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. நட்டம் சரிபாதியாக இருந்தவரை சொல் காப்பாற்றப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமநிலையைக் கப்பல் மாற்றியது. எரிவாயுவைக் கழித்தல் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்தால் அது திரவமாகி, அறுநூறில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். 1959-இல் 'மீத்தேன் பயனியர்' என்ற கப்பல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து இங்கிலாந்தின் கேன்வி தீவுக்கு முதல் சரக்கைக் கொண்டுபோனது. 1964-இல் அல்ஜீரியாவிலிருந்து முறையான வணிகம் தொடங்கியது. ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு இந்தக் கப்பல்கள் மிதக்கும் குழாய்களாகவே இருந்தன. இன்ன துறைமுகத்தில்தான் இறக்க வேண்டும், வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தது. அமெரிக்காவில் பாறையடுக்குகளிலிருந்து எடுக்கும் ஷேல் எரிவாயு பெருகி, 2016 பிப்ரவரியில் லூசியானாவின் சபீன் பாஸ் முனையத்திலிருந்து ஏற்றுமதி தொடங்கியபோது அந்தக் கட்டு அவிழ்ந்தது. அமெரிக்கச் சரக்கை வாங்கியவர் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். வணிக நிறுவனங்கள் பல இடங்களில் வாங்கிப் பல இடங்களில் விற்கும் இடைத்தரகர்களாக வளர்ந்தன. உலக எல்.என்.ஜி. வணிகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஸ்பாட் விற்பனையாகவும் குறுகியகால விற்பனையாகவும் மாறியது. வாய்க்கால் தண்ணீருக்கும் மூட்டை கட்டும் வழி வந்துவிட்டது. நடுக்கடலில் கப்பல் திரும்பலாம். விற்பவருக்கு இப்போது விலகிப்போகும் வழி கிடைத்தது. முனையமும் உர ஆலையும் மின்நிலையமும் கட்டிவிட்ட வாங்குபவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

2022 இந்தப் பின்னணியில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவிடமிருந்து ஏறக்குறைய 15,500 கோடி கன மீட்டர் எரிவாயு வாங்கியிருந்தது. அதன் மொத்த எரிவாயு இறக்குமதியில் சுமார் 45 சதவீதம். போர் தொடங்கியதும் ரூபிளில் பணம் கட்டச் சொன்னது மாஸ்கோ. மறுத்த போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் ஏப்ரல் இறுதியில் எரிவாயு நின்றது. ஜூனில் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு வரும் நார்ட் ஸ்ட்ரீம் குழாயில் வரத்து குறைந்தது, செப்டம்பரில் முழுவதும் நின்றது. செப்டம்பர் 26-ஆம் தேதி பால்டிக் கடலடியில் குழாயே வெடித்துச் சிதறியது. முன்பு ஒரு மெகாவாட் மணிக்கு 20 யூரோவை ஒட்டியிருந்த ஐரோப்பிய விலை ஆகஸ்ட்டில் 300 யூரோவைத் தாண்டியது. ஜெர்மனி தன் மக்களையும் ஆலைகளையும் காக்க 20,000 கோடி யூரோ ஒதுக்கியது. பத்தே மாதத்தில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் மிதக்கும் முனையம் கொண்டுவந்து நிறுத்தியது. பாகிஸ்தானின் மைய வங்கியிடம் 2023 ஜனவரி இறுதியில் இருந்த மொத்த அந்நியச் செலாவணி சுமார் 300 கோடி டாலர். இந்த இருவரும் ஒரே கப்பலுக்கு ஏலம் கேட்டார்கள்.

ஐரோப்பா செய்தது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. குளிரில் தன் மக்கள் விறைத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது எந்த அரசுக்கும் முதல் கடமை. ஆனால் யார் அதிக விலை தருகிறாரோ அவருக்குத்தான் தேவையும் அதிகம், ஆகவே சந்தை சரியாகத்தான் பங்கிட்டது என்று சில பொருளியலாளர்கள் சொல்வதை ஏற்க முடியாது. லாகூரில் மின்விசிறி நின்ற வீட்டுக்குத் தேவை குறைவாக இருக்கவில்லை, பணம்தான் குறைவாக இருந்தது.

பாகிஸ்தானிடம் நீண்டகால ஒப்பந்தமே இல்லாமல் இருந்ததா? இருந்தது. 2017-இல் இத்தாலியின் எனி நிறுவனத்தோடு பதினைந்து ஆண்டுகளுக்கும், கன்வர் என்ற வணிக நிறுவனத்தோடு ஐந்து ஆண்டுகளுக்கும் ஒப்பந்தம் போட்டிருந்தது. இருவருமே 2021, 2022 ஆண்டுகளில் பல சரக்குகளைத் தரவில்லை. தங்களுக்குத் தர வேண்டியவர் தரவில்லை, இதில் தாங்கள் ஆதாயம் எதுவும் பார்க்கவில்லை என்று எனி விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை ஆராய்வது என் வேலை அல்ல. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பார்ப்போம். சரக்கு தராவிட்டால் அபராதம், அந்தச் சரக்கின் ஒப்பந்த விலையில் 30 சதவீதம் என்று அப்போது செய்திகள் வந்தன. இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு நடுத்தரக் கப்பலில் ஏறக்குறைய 32 லட்சம் எம்.எம்.பி.டி.யு. எரிவாயு இருக்கும், இந்த வணிகத்தில் விலை பேசும் வெப்ப அலகு அது. ஒப்பந்த விலை அலகுக்கு 12 டாலர் என்று வைத்தால் ஒரு சரக்கின் மதிப்பு 3 கோடியே 84 லட்சம் டாலர். அபராதம் 30 சதவீதம் என்றால் 1 கோடியே 15 லட்சம். அன்றைய ஸ்பாட் விலை 40 டாலர். அதே கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பினால் 12 கோடியே 80 லட்சம். அபராதத்தை முழுதாகக் கட்டிய பிறகும், சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவரைவிட ஏறக்குறைய 7 கோடியே 80 லட்சம் டாலர் அதிகம், அதுவும் ஒரே கப்பலில். இப்படி ஒரு ஷரத்து இருக்கும் ஒப்பந்தத்தை நிறைவேற்றும் கடமை என்று படிப்பதா, விலைக்கு வாங்கிக்கொள்ளக்கூடிய விடுதலைச் சீட்டு என்று படிப்பதா? அபராதத்தை ஒப்பந்த விலையில் கணக்கிடாமல், வாங்குபவர் மாற்றுச் சரக்கு வாங்க ஆகும் செலவில் கணக்கிட்டிருந்தால், கப்பலைத் திருப்புவதால் கிடைக்கும் லாபம் முழுவதும் பாகிஸ்தானுக்கே போயிருக்கும். யாருக்கும் அதைத் திருப்பும் ஆசையும் வந்திருக்காது. ஒற்றை வாக்கியத்தின் வேறுபாடு இது.

இந்த ஒப்பந்தங்கள் கையெழுத்தான காலத்தில் எல்.என்.ஜி. மலிவாகக் கிடந்தது. விலையில் அரைக்கால் சதவீதம் குறைந்தால் அது வெற்றிச் செய்தியாகும். அபராத ஷரத்தை இறுக்கினால் அது யாருக்கும் தெரியாது. விற்பவர் விலையைக் கொஞ்சம் குறைத்து, அதற்கு ஈடாகத் தன் பொறுப்பையும் குறைத்துக்கொள்வார். சந்தை அமைதியாக இருக்கும்வரை வாங்குபவர் ஜெயித்ததுபோலவே தோன்றும்.

நம் நாட்டுக்கு வருவோம். எரிவாயு நிறுவனமான கெயில் 2012-இல் ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் கிளையோடு, ஆண்டுக்கு 25 லட்சம் டன் என்ற கணக்கில் இருபது ஆண்டு ஒப்பந்தம் செய்தது. 2018-இல் சரக்கு வரத் தொடங்கியது. அந்தக் கிளையின் தாய் நிறுவனம் ஜெர்மனியில் பதிவானது. 2022 ஏப்ரலில் ஜெர்மன் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது, மே மாதம் ரஷ்யா அதன்மேல் தடை போட்டது. இரண்டு அரசுகள் மோதிக்கொண்டதில் நின்றது இந்தியாவுக்கு வரவேண்டிய கப்பல். கெயில் உர ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எரிவாயுவைக் குறைத்துப் பங்கிட வேண்டிவந்தது. 2023-இல் சரக்கு மீண்டும் வந்தது. விடுபட்ட சரக்குகளுக்காக 180 கோடி டாலர் வரை கேட்டு கெயில் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கேட்டதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடைவெளியில் நம் ஆலைகள் பட்ட பாட்டுக்கு எந்த நடுவரும் விலை போடவில்லை. மத்திய அரசின் உர மானியம் 2022-23-இல் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது, முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி அதிகம். அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் யூரியாவின் மூலப்பொருளே இயற்கை எரிவாயு என்பதால், எரிவாயு விலையேற்றம் அவற்றில் முதன்மையானது. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 2019-இல் நாப்தாவை விட்டு எண்ணூர் முனையத்து எரிவாயுவுக்கு மாறியது. தூத்துக்குடியின் ஸ்பிக் உர ஆலை 2021-இல் எரிவாயுவுக்கு மாறியது. தஞ்சை வயலில் இறைக்கும் யூரியா மூட்டைக்கும் லண்டன் நடுவர் மன்றத்தில் விவாதிக்கும் ஷரத்துக்கும் தொடர்பு இல்லை என்று இனி யாரும் நினைக்க முடியாது.

ஏழை நாடுகளின் வழக்கறிஞர்கள் திறமையற்றவர்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஷெல், பிபி போன்ற நிறுவனங்களுக்கே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வென்ச்சர் குளோபல் நிறுவனம் கல்கசியூ பாஸ் முனையத்திலிருந்து 2022 மார்ச் முதல் ஸ்பாட் சந்தையில் விற்கத் தொடங்கியது. நீண்டகால வாடிக்கையாளர்கள் தங்கள் பங்கைக் கேட்டபோது, ஆலை இன்னும் சோதனை ஓட்டத்தில்தான் இருக்கிறது, வணிக உற்பத்தி தொடங்கவில்லை என்றது. அந்தச் சோதனை ஓட்டம் 2025 ஏப்ரல்வரை நீடித்தது. வாடிக்கையாளர்கள் நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள். 2025 ஆகஸ்ட்டில் ஷெல் தோற்றது. அக்டோபரில் பிபி வென்றது. ஒரே முனையம், ஒரே காலம், ஏறக்குறைய ஒரே புகார், தீர்ப்புகள் எதிரெதிர். வணிக உற்பத்தி தொடங்கும் நாள் எது என்று வரையறுக்கும் ஒரு பத்தியில் பல நூறு கோடி டாலர் அடங்கியிருந்தது.

தீர்ப்பு வந்தாலும் பணம் வர வேண்டுமே. ஜெர்மனியின் யூனிப்பர் நிறுவனத்துக்கு 2024 ஜூனில், வராத எரிவாயுவுக்காக, காஸ்ப்ரோமுக்கு எதிராக 1,300 கோடி யூரோவுக்கு மேல் தீர்ப்பானது. ரஷ்யாவில் போய் யார் வசூலிப்பது? ஆஸ்திரியாவின் ஓ.எம்.வி.க்கு அதே ஆண்டு நவம்பரில் 23 கோடி யூரோ மட்டுமே தீர்ப்பானது. ஆனால் அந்நிறுவனம் அப்போதும் ரஷ்ய எரிவாயு வாங்கிக்கொண்டிருந்தது. கொடுக்க வேண்டிய மாதப் பணத்தில் அதைக் கழித்துக்கொள்வதாக அறிவித்தது. காஸ்ப்ரோம் சில நாட்களில் எரிவாயுவை நிறுத்தியது. நிறுத்தினாலும் ஓ.எம்.வி.யின் கையில் விற்பவரின் பணம் இருந்தது. பெரிய தீர்ப்பு ஏட்டோடு நின்றது, சின்னத் தீர்ப்புக்கு வழி பிறந்தது. ஒப்பந்தம் எழுதும்போதே விற்பவரின் வங்கி உத்தரவாதமோ, தாய் நிறுவனத்தின் பொறுப்போ, கழித்துக்கொள்ளும் உரிமையோ நம்மிடம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். நீண்டகால ஒப்பந்தம்தானே ஐரோப்பாவைப் புதினிடம் சிக்கவைத்தது, அதையே நீங்கள் பரிந்துரைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் ஐரோப்பாவைச் சிக்கவைத்தது ஒப்பந்தத்தின் நீளம் அல்ல. ஒரே விற்பவரிடம் பாதிக்கு நெருக்கமாக வாங்கியது முதல் தவறு. தன் வீட்டுக் களஞ்சியத்தின் சாவியையும் அவரிடமே கொடுத்தது இரண்டாவது தவறு. ஜெர்மனியின் மிகப்பெரிய நிலத்தடிச் சேமிப்பான ரேடன், காஸ்ப்ரோம் குழுமத்தின் கையில் இருந்தது, 2021-22 குளிர்காலத்தில் ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. முந்தைய பத்தாண்டில் ஐரோப்பிய நிறுவனங்களே கேட்டுப் போராடி, எண்ணெயோடு கட்டியிருந்த விலையைச் சந்தை விலைக்கு மாற்றிக்கொண்டன. சந்தை சரிந்திருந்தவரை லாபம். 2022-இல் விற்பவர் வரத்தைக் குறைத்தால் விலை ஏறும், விலை ஏறினால் மீதி எரிவாயுவுக்கும் அதிகப் பணம் கிடைக்கும் என்ற நிலை வந்தது. அந்த ஆண்டின் முதல் பாதியில் காஸ்ப்ரோமின் லாபம் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. சொல்லை மீறுபவருக்குப் பரிசு தரும் ஏற்பாடு அது. பிறகு 2023-இல் அதே காஸ்ப்ரோம் 1999-க்குப் பின் முதல்முறையாக ஆண்டு நட்டம் காட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரை இழந்த விற்பவருக்கு அடி விழத்தான் செய்கிறது, ஆனால் ஓராண்டு தாமதமாக. அந்த ஓராண்டில் உடைந்தவர்கள் உடைந்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தை மீறியதில் இந்தியாவுக்குப் பங்கில்லையா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. உண்டு. எல்.என்.ஜி. இறக்குமதி நிறுவனமான பெட்ரோநெட் 1999-இல் கத்தாரின் ராஸ்கேஸ் நிறுவனத்தோடு ஆண்டுக்கு 75 லட்சம் டன்னுக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. 2015-இல் ஸ்பாட் விலை சரிந்து, ஒப்பந்த விலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காக நின்றபோது, நாம் ஒத்துக்கொண்ட அளவில் மூன்றில் ஒரு பங்கை எடுக்காமல் விட்டோம். டேக் ஆர் பே விதிப்படி ஏறக்குறைய 12,000 கோடி ரூபாய் கட்டியிருக்க வேண்டும். கத்தார் அதைத் தள்ளுபடி செய்து, விலைச் சூத்திரத்தையும் திருத்திக் கொடுத்தது. பதிலுக்கு நாம் ஆண்டுக்கு 10 லட்சம் டன் கூடுதலாக வாங்க ஒப்புக்கொண்டோம். இதை நான் மறைக்கவும் மாட்டேன், நியாயப்படுத்தவும் மாட்டேன். ஆனாலும் இந்தப் பழைய கதைதான் என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. கத்தார் விட்டுக்கொடுத்தது தர்மத்துக்காக அல்ல. இன்னும் பல ஆண்டுகள் நமக்கு விற்க வேண்டியிருந்தது, அருகில் இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வேறு இல்லை. பிரிந்தால் இருவருக்கும் நட்டம் என்ற பழைய குழாய்க்காலத்துச் சமநிலை அங்கே இருந்தது. 2022-இல் உலகம் தத்தளித்தபோது கத்தாரின் கப்பல்கள் நம் தாஹேஜ் முனையத்துக்கு வந்துகொண்டிருந்தன, அன்றைய ஸ்பாட் விலையில் பாதிக்கும் குறைவான விலையில். 2024 பிப்ரவரியில் அந்த ஒப்பந்தம் 2048 வரை நீட்டிக்கப்பட்டது. கத்தாரின் கப்பல் ஒவ்வொன்றும் ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் வர வேண்டும். அது மூடினால் எந்த ஷரத்தும் காப்பாற்றாது என்பதால் ஒரே வாசலில் நிற்கவும் கூடாது.

சூரிய மின்சாரம் இவ்வளவு மலிந்துவிட்ட காலத்தில் இருபது ஆண்டுக்கு எரிவாயுவோடு கட்டிக்கொள்வது அறிவா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் கடினமான மறுப்பு இதுதான். 2022-இல் சூடுபட்ட பாகிஸ்தானியர் தங்கள் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பதித்தார்கள். 2024 என்ற ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 17,000 மெகாவாட் திறனுள்ள தகடுகள் இறக்குமதியாயின. விளைவு, எரிவாயு மின்நிலையங்களுக்கு வேலை குறைந்தது. எந்தக் கப்பலுக்காக ஏங்கினார்களோ அதே கப்பல்களைத் தள்ளிப்போடச் சொல்லிக் கத்தாரிடம் கேட்கும் நிலை வந்தது. மீத்தேன் கசிந்தால் இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல எண்பது மடங்குக்கு மேல் வெப்பம் கூட்டும் என்பதும் உண்மை. ஆகவே மின்சாரத்துக்காக நீண்ட ஒப்பந்தம் வேண்டாம் என்றால் நான் உடன்படுகிறேன். இந்தியாவில் ஏறக்குறைய 25,000 மெகாவாட் எரிவாயு மின்நிலையங்கள் கட்டி, அவற்றில் பெரும்பகுதியை ஓட்டாமல் வைத்திருந்தோம். அந்தத் தவறை இன்னொருமுறை செய்ய வேண்டாம். ஆனால் யூரியாவுக்கு எரிவாயு இல்லாத மாற்று நம் நாட்டில் இன்னும் கட்டுப்படியாகும் விலையில் வரவில்லை. அந்த அளவுக்காவது உறுதியான வரத்து வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் போதும். ஆண்டுதோறும் அளவைக் குறைத்துக்கொள்ளும் உரிமையும் வேண்டும். அமெரிக்க ஒப்பந்தங்களில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. திரவமாக்கும் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டுச் சரக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கே வாங்குபவருக்கு உண்டு. 2020 கோடையில் தேவை சரிந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட சரக்குகளை அப்படி வேண்டாம் என்றார்கள். பாகிஸ்தான் ஒப்பந்தத்தில் விலகும் உரிமை யாரிடம் இருந்தது, இங்கே யாரிடம் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறுக்கமான ஷரத்துக் கேட்டால் விற்பவர் விலையைக் கூட்டுவார் என்பதும் உண்மைதான். கூட்டட்டும். அது காப்பீட்டுக் கட்டணம். ஐரோப்பாவைப்போல நிலத்தடிச் சேமிப்புக் கட்டுவதும் அப்படிப்பட்ட செலவே. நம்மிடம் அது இன்றுவரை இல்லை. முனையத் தொட்டிகளில் இருப்பது சில நாட்களுக்குத்தான் வரும், அதிலும் நாள்தோறும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கட்டணம் எவ்வளவு, அதற்கு என்ன பாதுகாப்பு என்பதை வெளிப்படையாக எடைபோட்டு முடிவெடுத்தால் போதும். இன்று அந்த எடைபோடல் மூடிய அறைக்குள் நடக்கிறது. ஒப்பந்தத்தில் விலையே வணிக ரகசியம் என்கிறார்கள், அபராத ஷரத்து அதைவிட ரகசியம். 2016-இல் பாகிஸ்தான் கத்தாரோடு செய்த ஒப்பந்தத்தின் விலை, பிரெண்ட் கச்சா எண்ணெய் விலையில் 13.37 சதவீதம் என்பது பொதுவெளிக்கு வந்தது. அதனால் கத்தார் கப்பலை நிறுத்திவிடவில்லை. 2021-இல் போட்ட அடுத்த ஒப்பந்தத்தில் அது 10.2 சதவீதமாகக் குறையவும் செய்தது.

கெயிலும் இந்தியன் ஆயிலும் பொதுத்துறை நிறுவனங்கள். பெட்ரோநெட்டை உருவாக்கியவை நான்கு பொதுத்துறை நிறுவனங்கள். இவர்கள் போடும் ஒப்பந்தத்தின் நட்டம் உர மானியமாகவும் மின்கட்டணமாகவும் நம் தலையில் விழுகிறது. விலையை வேண்டுமானால் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். சரக்கு வராவிட்டால் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படும், அதற்கு யார் உத்தரவாதம், எந்த நாட்டுச் சட்டப்படி வழக்கு நடக்கும் என்ற மூன்றையும் ஒவ்வொரு நீண்டகால ஒப்பந்தத்துக்கும் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இந்த அவையில் சட்டம் படிப்பவர்களும் பொருளியல் படிப்பவர்களும் இருக்கிறீர்கள். புதிய எரிவாயு ஒப்பந்தம் கையெழுத்தானது என்று அடுத்தமுறை செய்தி வரும்போது, எத்தனை லட்சம் டன் என்பதோடு நிறுத்தாமல் இந்த மூன்றையும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிக் கேளுங்கள்.